கூடினர்! கூறினர்! பிறகு?

ஊருக்கு என்ன நோய்? அதைச் சொல்லும் உரிமை யாருக்கு?

"டாக்டருக்கு!" என்பார் ஒருவர். கற்றவர், பட்டம் பெற்றவர், மார்பிலே குழலை வைத்துக் கேட்டு மனிதனின் உள்ளே நடப்பதை உரைக்கத் தெரிந்தவர், ஆகவே அவர் சொல்லட்டும் என்பார். "அதிகாரிக்கு!" என்பார் இன்னொருவர். கோப்பு அவரிடம், கணக்கு அவரிடம், ஆகவே அவரே அறிந்தவர் என்பார். "அமைச்சருக்கு!" என்பார் மூன்றாமவர். பணப்பெட்டியின் சாவி அவர் இடுப்பிலே அல்லவா தொங்குகிறது!

எல்லாம் சரி. ஆனால் நோயைச் சுமப்பவன் ஒருவன் இருக்கிறானே! பஞ்சாலைத் தூசியை மூச்சோடு இழுத்து இரவெல்லாம் இருமுபவன், சாக்கடை ஓரத்திலே குடிசை போட்டுக் கொசுவுக்கு இரத்ததானம் செய்பவன், குழாயடியிலே காத்துக் கிடந்து கலங்கல் நீரைக் குடத்திலே ஏந்தி வருபவள் — இவர்களுக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். புன்னகை பூப்பார்கள்! "அவர்களுக்கு என்ன தெரியும்?" என்பார்கள்.

காலராக் கிருமியின் வடிவம் அவனுக்குத் தெரியாது, உண்மை. எந்தத் தெருக் குழாயிலே எந்த மாதத்திலே நாற்றம் வீசும் என்பது தெரியும். நுரையீரலின் படத்தை வரைந்து காட்டச் சொன்னால் விழிப்பான். எந்த இயந்திரத்தின் பக்கத்திலே நின்றவர்கள் ஐம்பது வயதைத் தாண்டவில்லை என்று கேளுங்கள், பெயர் சொல்லிச் சொல்லிக் கணக்குக் கொடுப்பான். இந்த அறிவு கல்லூரியிலே விற்பதில்லை. இதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மேசையும், எழுதியதை மதிக்க ஒரு மனமும்தான் இல்லை.

அப்படி ஒரு மேசையைப் போட்டுப் பார்த்த நாடு ஒன்று உண்டு. தாய்லாந்து. நம் பாட்டன்மார் நாவிலே அதன் பெயர் சயாம்.

சயாம் என்றதும் நம்மவருக்கு ஒரு பழைய புண் வலிக்கும். 1942, 43 ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழனை மூட்டை முடிச்சோடு ஏற்றிச் சென்றார்கள். காட்டிலே காலரா வந்தது. பல்லாயிரவர் மாண்டனர். மூங்கில் கொட்டகையிலே கிடந்தவனை, "உனக்கு என்ன வேண்டும்? காய்ச்சிய தண்ணீரா, கழிப்பிடமா, மருந்தா?" என்று கேட்டவர் இல்லை. கேட்டிருந்தால் காய்ச்சிய தண்ணீர் என்று சொல்லியிருப்பான். சொன்னதைச் செய்திருந்தால் எத்தனையோ பேர் தோட்டத்துக்குத் திரும்பியிருப்பார்கள். அந்த மண்ணிலேதான் இன்று ஆண்டுதோறும் ஒரு பேரவை கூடி, "என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்று மக்களைக் கேட்கிறது என்பதாலேயே இதைக் குறிப்பிட்டோம்.

2007-ஆம் ஆண்டு அந்த நாட்டிலே தேசிய சுகாதாரச் சட்டம் வந்தது. பிரதமரைத் தலைவராகக் கொண்ட தேசிய சுகாதார ஆணையம் ஒன்று அமைந்தது. அந்த ஆணையம் ஆண்டுக்கு ஒரு முறையாவது தேசிய சுகாதாரப் பேரவையைக் கூட்டியே தீரவேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. கூட்டலாம் என்றல்ல, கூட்டவேண்டும் என்று! 2008 டிசம்பரில் முதல் பேரவை பாங்காக்கிலே கூடியது. அன்று முதல் தொடர்ந்து கூடிவருகிறது.

சும்மா வந்ததா இந்தச் சட்டம்? ஆட்சியாளர் ஒருநாள் காலையில் கண்விழித்து, "மக்களைக் கேட்போம்" என்று மனம் இளகிக் கொடுத்ததா? இல்லை. அதற்கு முன்னே முப்பதாண்டுக் கதை இருக்கிறது.

1970-களிலே அந்த நாட்டு இளம் டாக்டர்கள் சிலர் நகரத்துப் பணத்தை உதறிவிட்டு நாட்டுப்புறத்துச் சிறு மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அவர்களிலே ஒருவர் சங்குவான் நித்தயாரம்பொங். வடகிழக்கிலே, வறண்ட சிசாகெட் மாகாணத்திலே பணியாற்றியவர். வைத்தியச் செலவுக்காகக் காளையை விற்றவனையும் வயலை விற்றவனையும் கண்ணாரக் கண்டவர். கண்டதை மறக்கவில்லை. எல்லாருக்கும் சிகிச்சை என்ற திட்டத்தை ஆண்டுக்கணக்கில் தீட்டிக்கொண்டே இருந்தார். 1997-இல் வந்த அரசியல் சட்டம், ஐம்பதாயிரம் பேர் கையொப்பமிட்டால் மக்களே ஒரு மசோதாவைக் கொண்டுவரலாம் என்று வழி திறந்தது. திறந்த வழியிலே தொண்டு அமைப்புகள் நுழைந்தன. தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். ஐம்பதாயிரத்துக்கு மேலேயே கிடைத்தது! 2001 தேர்தலிலே ஒரு கட்சி அதைத் தன் வாக்குறுதியாக்கி வென்றது. 2002-க்குள், எந்தக் காப்புத் திட்டத்திலும் இடமில்லாதிருந்த சுமார் 1 கோடியே 80 லட்சம் பேருக்கும் சிகிச்சை கிடைக்க வழி பிறந்தது. வேளைக்கு முப்பது பாட் காசு கொடுத்தால் போதும் என்பதால், 'முப்பது பாட் திட்டம்' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சிகிச்சை கிடைத்துவிட்டது. அதோடு மனநிறைவு கொண்டுவிடலாமா? கூடாது என்றார் இன்னொரு பெரியவர், பிரவேத் வசி. இரத்த நோய் ஆராய்ச்சியிலே பேர் பெற்ற டாக்டர். 1981-இலே மகசேசே பரிசு பெற்றவர். அவர் ஒரு முக்கோணத்தைக் காட்டினார். ஒரு மூலையிலே அறிவு. ஒரு மூலையிலே மக்கள் இயக்கம். மூன்றாவது மூலையிலே ஆட்சி அதிகாரம். மூன்றும் சேர்ந்தால் மலையையும் நகர்த்தலாம் என்றார். அறிவு மட்டும் இருந்தால் அறிக்கை கிடைக்கும், அலமாரியிலே தூங்கும். மக்கள் மட்டும் திரண்டால் முழக்கம் கேட்கும், மாலையிலே கலையும். அதிகாரம் மட்டும் இருந்தால்... அதை நாம் சொல்லித்தானா தெரியவேண்டும்?

பேரவையின் அமைப்பே இந்த முக்கோணம்தான். அரசினர் ஒரு பங்கு, கற்றறிந்தோர் ஒரு பங்கு, மக்கள் அமைப்பினர் ஒரு பங்கு.

நடைமுறையைக் கேளுங்கள். நம் ஊர் மாநாடுகளைக் கண்டவர்களுக்கு வியப்பாக இருக்கும். பேரவை நடப்பது சில நாள். ஆனால் வேலை நடப்பது ஆண்டு முழுவதும். "இந்த ஆண்டு எதைப் பேசவேண்டும்?" என்று முதலில் ஊரைக் கேட்கிறார்கள். மாகாணங்களிலிருந்தும் அமைப்புகளிலிருந்தும் பிரச்சினைகள் வருகின்றன. வந்தவற்றிலே பொறுக்கி எடுக்கிறார்கள். எடுத்ததைப் பற்றி, தெரிந்தவர்களைக் கொண்டு ஒரு வரைவுத் தீர்மானம் எழுதுகிறார்கள். அந்த வரைவு திரும்ப மாகாணங்களுக்குப் போகிறது. அங்கே கூடிப் பேசி, "இந்த வரி வேண்டாம், இந்த வரி போதாது" என்று திருத்தம் சொல்லித் தங்கள் பிரதிநிதியின் கையிலே கொடுத்தனுப்புகிறார்கள். ஆக, பாங்காக்கிலே எழுந்து பேசுகிறவர் தம் வாய்க்கு வந்ததைப் பேச முடியாது. பின்னாலே ஒரு மாகாணம் நிற்கிறது! தலையை எண்ணி முடிவு கட்டுவதைவிட, எல்லாரும் ஒப்புகிற வாசகம் கிடைக்கும்வரை உட்கார்ந்து உருட்டி உருட்டிச் செதுக்குவதே அங்கே வழக்கம். முடிந்த தீர்மானம் ஆணையத்துக்குப் போகும். அங்கிருந்து அமைச்சரவைக்குப் போகும்.

முதல் பேரவையிலே என்ன பேசினார்கள் என்று பாருங்கள். எல்லாருக்கும் மருந்து எட்டவேண்டும் என்று ஒரு தீர்மானம். அந்நிய நாடுகளோடு தடையற்ற வாணிப ஒப்பந்தம் பேசும்போது மக்களுக்கும் அதிலே பங்கு வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். வாணிப ஒப்பந்தத்துக்கும் வயிற்றுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் இருப்பர். காப்புரிமை என்ற பூட்டுப் போட்டால் மாத்திரை விலை ஏறும், விலை ஏறினால் கூலிக்காரன் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்பான். சம்பந்தம் அதுதான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, துறைமுகத்திலும் ஒப்பந்தக் காகிதத்திலும் நோய் உற்பத்தியாகிறது என்பதை முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டவர்களை மெச்சத்தான் வேண்டும்.

தலைநகரத்துக் கூட்டம் மட்டும்தானா என்றால், இல்லை. தெற்கே சொங்க்லா மாகாணத்திலே சலே என்று ஒரு சிறு வட்டாரம். 2009-இலே அந்த ஊரார் கூடித் தங்களுக்கென்று ஒரு சுகாதாரச் சாசனம் எழுதிக்கொண்டார்கள். நாட்டிலேயே வட்டார அளவில் எழுந்த முதல் சாசனம் அது. 'எங்கள் ஊரிலே நலவாழ்வு என்றால் இன்னது, அதற்கு நாங்கள் செய்வது இன்னது' என்று ஊராரே பேசி ஊராரே ஒப்பிய எழுத்து. பிறகு பல வட்டாரங்கள் அந்த வழியிலே நடந்தன.

இதற்கெல்லாம் அடித்தளமாக நிற்கும் படை ஒன்று உண்டு. கிராமச் சுகாதாரத் தொண்டர்கள். 1977-இலே தொடங்கிய ஏற்பாடு. இன்று பத்து லட்சம் பேருக்கு மேல்! உழவர், கடைக்காரர், வீட்டுப் பெண்கள். ஆளுக்குப் பத்துப் பதினைந்து வீடு. யார் வீட்டிலே பிள்ளைக்குத் தடுப்பூசி போடவில்லை, யார் வீட்டுத் தொட்டியிலே கொசுப்புழு நெளிகிறது, எந்தக் கிழவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். 2020-இலே கொரோனா வந்தபோது, நகரத்திலிருந்து ஊர் திரும்பியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தது இந்தப் படைதான். மாகாணத்துக் கூட்டத்திலே, "எங்கள் பக்கத்திலே இதுதான் முதல் நோய்" என்று அடித்துச் சொல்ல ஆள் இருக்கிறது என்றால், இவர்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான்.

இவ்வளவும் சொன்னதால், அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நாம் பாட்டுப் பாடுவதாக யாரும் எண்ணவேண்டாம். இனிமேல் சொல்லப்போவதுதான் தொழிலாளத் தோழர்கள் கூர்ந்து படிக்கவேண்டிய பகுதி.

2010-ஆம் ஆண்டு டிசம்பர். மூன்றாவது பேரவை. எடுத்துக்கொண்ட பொருள்களிலே ஒன்று ஆஸ்பெஸ்டாஸ்.

ஆஸ்பெஸ்டாஸ் நமக்கு அந்நியமல்ல. அண்ணாந்து பார்த்தால் தெரியும்! ஓலைக் குடிசை தீப்பற்றும் என்று பயந்தவன், ஓடு வாங்க வசதியற்றவன், மாடியிலே ஒரு அறை போட்டு வாடகைக்கு விட நினைத்தவன், அனைவருக்கும் கூரையாகக் கவிழ்ந்திருக்கும் அந்தச் சாம்பல் நிறத் தகடுதான். கல்லிலே நார் உரிப்பதாகக் கதை சொன்னால் குழந்தை சிரிக்கும். ஆனால் உரிக்கலாம். கல்நார் என்றே அதற்குப் பெயர். அந்த நாரைச் சிமென்டோடு பிசைந்து தகடு வார்க்கிறார்கள். கூரையிலே சும்மா கிடக்கும்வரை பெரிதாகத் தொல்லையில்லை. அறுக்கும்போது, துளையிடும்போது, உடைக்கும்போது, பழசாகி உதிரும்போது, கண்ணுக்குத் தெரியாத நார் காற்றிலே பறக்கிறது. மூச்சோடு உள்ளே போகிறது. போனது திரும்பி வருவதில்லை.

அது உள்ளே செய்கிற வேலை அவசரமில்லாத வேலை. இருபது ஆண்டு, முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டுகூட ஆகும். பிறகு ஒருநாள் மூச்சு முட்டும். நுரையீரல் தழும்பேறி இறுகும். அல்லது நுரையீரலிலே புற்று. அல்லது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலே புற்று. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார நிறுவனம் அறுதியிட்டுக் கூறிவிட்டது. பிரிட்டன் 1999-இலே தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இலே தடை வந்தது.

கொலைகாரன் கத்தியை எடுத்து உடனே குத்தினால் சாட்சி இருக்கிறது, வழக்கு இருக்கிறது, தண்டனை இருக்கிறது. முப்பதாண்டு கழித்துக் கொல்லும் கத்தி இது! அதற்குள் ஆலை கைமாறியிருக்கும். மேஸ்திரி செத்திருப்பான். வருகைப் பதிவேட்டைச் செல்லரித்திருக்கும். வேலை பார்த்தவன் மட்டும் இருமிக்கொண்டு, "பீடி குடித்தாயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

தாய்லாந்துப் பேரவை இதை எடுத்தது. ஆராய்ந்தது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நாடாக ஆகவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஆணையத்துக்குப் போயிற்று, அமைச்சரவைக்குப் போயிற்று. 2011 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கைதட்டினார்கள். நாமும் தட்டியிருப்போம்.

பிறகு?

பிறகுதான் வேடிக்கை. "ஒப்புதல் கொடுத்தாயிற்று, ஆனால் கால அட்டவணை போடவேண்டும்" என்றார்கள். "மாற்றுப் பொருள் கிடைக்குமா என்று ஆராயவேண்டும்" என்றார்கள். "நம் நாட்டிலே இதனால் செத்தவர் எத்தனை பேர், சான்று காட்டுங்கள்" என்று கேட்டார்கள். சான்று எப்படிக் கிடைக்கும்? தேடிப் பார்த்தால்தானே கிடைக்கும்! முப்பதாண்டு முன்னே வேலை பார்த்தவனைத் தேடிப் பிடித்து மார்பைப் படம் எடுத்துப் பார்க்காமல், பிணத்தைக் காட்டு என்றால் யார் காட்டுவது? கூரைத் தகட்டுக் கம்பெனி சும்மா இருக்குமா? கல்நாரை வெட்டி விற்கும் நாடு சும்மா இருக்குமா? 2021-ஆம் ஆண்டும் வந்தது. அமைச்சரவை தலையசைத்துப் பத்தாண்டு முடிந்தது. வெண்கல்நார் இறக்குமதி நிற்கவில்லை.

இந்த இடத்திலே, "பார்த்தீர்களா! பேரவையாவது, தீர்மானமாவது! எல்லாம் வெறும் பேச்சு!" என்று எக்காளமிடுவோர் உண்டு. அவர்கள் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. பேரவைத் தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் இல்லை, உண்மை. அது கட்டளையல்ல, யோசனை. ஆட்சி அதை ஏற்கலாம், ஏற்றுவிட்டுத் தூங்கலாம். ஆனால் தீர்மானம் இல்லாதிருந்தால், ஆட்சி தூங்குகிறது என்பதே யாருக்கும் தெரிந்திராது. ஒப்புதல் அளித்த தேதி ஏட்டிலே இருக்கிறது. அந்தத் தேதியைச் சுட்டிக்காட்டி ஆண்டுதோறும் கேட்க முடிகிறது. கடன் பத்திரம் கையிலே இருப்பவனும் ஏமாற்றப்படலாம். பத்திரமே இல்லாதவனுக்கு ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லக்கூட வழியில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. ராயோங் மாகாணத்திலே மாப் தா புட் என்ற கடலோரத் தொழிற்பேட்டை. எண்ணெய் இரசாயன ஆலைகள் நிறைந்த இடம். காற்றிலே நாற்றம், கிணற்றிலே நஞ்சு என்று பக்கத்து ஊரார் பல்லாண்டு கதறினார்கள். புதிய தொழில் வந்தால் மக்கள் உடல்நலம் என்னவாகும் என்று முன்கூட்டி ஆராயவேண்டும் என 2007-இல் வந்த அரசியல் சட்டம் சொன்னது. அத்தகைய ஆராய்ச்சியைக் கேட்கும் உரிமையை அதே ஆண்டு வந்த சுகாதாரச் சட்டமும் மக்களுக்குக் கொடுத்தது. ஆராயாமலே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2009 செப்டம்பரில் 76 திட்டங்களை நிறுத்தி வைத்தது நிர்வாக நீதிமன்றம். டிசம்பரில் மேல்மன்றம் 11-ஐ விடுவித்து, 65-க்குத் தடையை உறுதி செய்தது. கோடி கோடியாகக் கொட்டிய முதலாளிகள் திகைத்தனர்! ஆனால் அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே பெரும்பாலானவற்றுக்கு வழிவிடப்பட்டது. இரண்டு திட்டங்களின் அனுமதி மட்டுமே ரத்தாயிற்று. முழு வெற்றியல்ல. என்றாலும், உடல்நலத்தைக் கேட்காமல் புகைபோக்கி எழுப்ப முடியாது என்ற பயம் ஒன்று பிறந்தது.

குறை இன்னும் உண்டு. 2007 சட்டம் பிறந்ததே, 2006-இலே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அமைந்த மன்றத்திலே. 2014 மே மாதம் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி அரசியல் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனால் சுகாதாரப் பேரவை அந்த ஆண்டும் கூடியது! இதை எப்படி எடுத்துக்கொள்வது? மக்கள் பேச ஒரு சன்னலாவது மிஞ்சியது என்று மகிழலாம். ஆட்சியை அசைக்காத பேச்சானால் எத்தனை பேர் கூடினாலும் பட்டாளத்துக்குக் கவலையில்லை என்றும் கொள்ளலாம். நமக்கு இரண்டும் உண்மையென்றே படுகிறது.

வருகிறவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. அமைப்பு உள்ளவனுக்கு நாற்காலி கிடைக்கிறது. பேசத் தெரிந்தவன் பேசுகிறான். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாதவன், மூன்று நாள் பாங்காக்கிலே போய் உட்காருவானா? பர்மாவிலிருந்து வந்து மீன்பிடிப் படகிலும் இறால் தொழிலிலும் உழைத்துத் தேயும் இலட்சக்கணக்கானவர்களின் நோய், எந்த மாகாணத்துப் பிரதிநிதியின் பையிலே இருக்கும்? முக்கோணத்துக்கு மூன்று மூலை உண்டு. மூலைக்கு வெளியே நிற்பவனுக்கு?

இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

நம் தமிழ்நாடு பொதுச் சுகாதாரத்திலே பின்தங்கிய மாநிலமல்ல. 1939-இலேயே சென்னை மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் உண்டு. ஊர்ச் சுகாதாரத்துக்கென்றே தனித்துறையும் தனி அலுவலரும் வைத்திருக்கிறோம். 2019-இலே உலக வங்கியிடம் 28 கோடியே 70 லட்சம் டாலர் கடன் பெற்றுத் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்திலே, மாநிலத்துக்கு ஒரு சுகாதாரப் பேரவை, மாவட்டத்துக்கு ஒரு சுகாதாரப் பேரவை என்பதும் ஓர் அங்கம். கூட்டினார்கள். மக்கள் பிரதிநிதிகள், அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தார், பொதுமக்கள் என்று அழைத்து, மாவட்டத்தின் தேவை என்ன என்று கேட்டார்கள். நல்ல காரியம். கடன் கொடுத்தவன் கேட்டதால் கூட்டினோமா, கடமை என்று கருதிக் கூட்டினோமா என்ற ஆராய்ச்சியிலே நாம் இறங்கவில்லை. கூட்டம் கூட்டம்தான்.

ஆனால் தாய்லாந்திலே சட்டம் 'கூட்டவேண்டும்' என்கிறது. நம்மிடம் அது திட்டத்தின் ஏட்டிலே இருக்கிறது. திட்டத்துக்கு ஆயுள் உண்டு. கடன் முடிந்தால் திட்டம் முடியும். திட்டம் முடிந்தால் பேரவை? இதற்கு விடை, கூட்டத்துக்குப் போகிற நம் தோழர்கள் கையிலே பாதியாவது இருக்கிறது. பொன்னாடை போர்த்துவதைப் பார்க்கவும் தேநீர் அருந்தவும் போகாமல், "சென்ற முறை நாங்கள் சொன்ன பத்திலே எத்தனை நடந்தது? நடக்காதது ஏன்? பெயர் சொல்லிப் பதில் சொல்லுங்கள்" என்று முதல் கேள்வியாகக் கேட்டால், அந்தக் கூட்டத்தை நிறுத்துவது யாருக்கும் அவ்வளவு எளிதாக இராது. கேட்காமல் கலைந்தால், அடுத்த ஆண்டு கூட்டம் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது.

மில்லிலோ, பட்டறையிலோ, கட்டட வேலையிலோ இருக்கும் தோழர் ஒருவர், "நான் என்ன பொருளைக் கொண்டுபோவது?" என்று கேட்டால், தொலைவிலே தேடவேண்டாம். தலைக்கு மேலே இருக்கிறது. கல்நார்த் தகட்டை இந்தியாவும் தடைசெய்யவில்லை. நாரை ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து கப்பலிலே இறக்கி, நம் ஆலைகளிலே வார்த்து, நம் தலைமீதே கவிழ்க்கிறோம். 1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கூறிற்று. தொழிலாளியின் உடல்நலம் என்பது, அரசியல் சட்டம் உறுதி கூறும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்றது. கல்நார்த் தொழிலிலே வேலை பார்த்தவனின் உடல்நிலை ஏட்டை, அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டு, அல்லது வேலையை விட்டுப் பதினைந்து ஆண்டு, எது பின்னதோ அதுவரை பாதுகாக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது.

அந்த ஏடு எங்கே? நம் மாவட்டத்திலே எந்தெந்த ஆலையிலே இருக்கிறது? எத்தனை பேருடையது இருக்கிறது? 1995-இலே இருபது வயதிலே வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. கத்தி வேலை செய்யத் தொடங்கும் வயது. ஆலையிலே இல்லாமல், கூரை போடும் கூலியாய்த் தெருத்தெருவாகத் தகட்டை அறுத்தவனுக்கு ஏடே கிடையாது. அவனுக்கு யார் படம் எடுத்துப் பார்ப்பது, எந்த ஆஸ்பத்திரியிலே, எந்தக் கிழமையிலே?

மாவட்டப் பேரவையிலே மாவட்ட ஆட்சியர் இருப்பார். சுகாதார அலுவலர் இருப்பார். தொழிலகப் பாதுகாப்பு அலுவலரை அழைக்காதிருந்தால், அவரையும் அழைக்கவேண்டும் என்று முன்னதாகவே கடிதம் எழுதுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றைக் கையிலே வைத்துக்கொள்ளுங்கள், தேதியோடு.